வெறும் வயிற்றோடு ஒரு காலை

திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் கொட்பே மீன்பிடித் துறையையும் நம்பிப் பிழைக்கும் அண்ணன்மாரே, தம்பிமாரே, நானாமாரே,

உங்களில் எத்தனையோ பேருடைய இரத்தத்தை எடுத்தவன் நான். முப்பது வருடத்துக்கு மேல் ஆய்வுகூடத்தில் நின்று ஓய்வு பெற்றவன். ஊசியைக் கண்டதும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்ளும் உங்களை எனக்கு நன்றாகத் தெரியும். கப்பலின் அடிவயிற்றுக்குள் இறங்கிக் கிளிங்கர் தூசிக்குள் நாள் முழுக்க நிற்கிற மனுசன், ஒரு சொட்டு இரத்தத்தைப் பார்த்ததும் கதிரையின் கையை இறுக்கிப் பிடித்ததைக் கண்டிருக்கிறேன்.

உங்கள் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் இருந்தது. "சேர், சீனி இருக்கா?" இல்லை என்று சொன்னால் போதும், ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவீர்கள். அந்தத் தாளில் சீனிக்குக் கீழே இன்னும் சில வரிகள் இருந்தன. நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆய்வுகூடக்காரன் விளக்கம் சொல்லக் கூடாது, அது டொக்டருடைய வேலை என்பது எங்கள் தொழிலின் ஒழுங்கு. சரியான ஒழுங்குதான். ஆனால் அந்த ஒழுங்குக்குப் பின்னால் நான் வசதியாக ஒளிந்திருந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

என் தங்கச்சியின் புருசன் லொறிச் சாரதி. சீனக்குடாவில் சீமெந்து ஏற்றிக்கொண்டு தம்புள்ளைப் பக்கம் போய்வருவார். அப்போது வயது 46. ஆள் பருமன் என்று சொல்ல முடியாது, கையும் காலும் மெலிவு. ஒரு நாள் பின்னேரம் ரிப்போர்ட்டோடு என் வீட்டு விறாந்தைக்கு வந்தார். தேத்தண்ணி குடித்துக்கொண்டே பார்த்தேன். வெறும் வயிற்றுச் சீனி 96. மொத்தக் கொலஸ்ட்ரோல் 188. "ஒண்டுமில்ல மச்சான், போய்ப் படுங்க" என்றேன். அதே தாளில் டிரைகிளிசரைட் 240 என்றும் எச்.டி.எல். 32 என்றும் இருந்தன. என் கண் அந்த இரண்டு இலக்கங்களின் மேலாகப் போனது எனக்கு நினைவிருக்கிறது. நிற்கவில்லை.

ஒன்பது மாதம் கழித்துக் கந்தளாய் வீதியில் அவருக்கு நெஞ்சை அடைத்துக்கொண்டு வேர்த்தது. லொறியை ஓரங்கட்டி நிறுத்துமளவுக்கு நினைவு இருந்தது. உயிர் தப்பினார். ஆனால் இதயத்தசையின் ஒரு பங்கு செத்துப்போனது. இப்போது உவர்மலை ஏற்றத்தை இரண்டு தரம் நின்று மூச்சு வாங்காமல் அவரால் ஏற முடியாது. லொறி ஓட்டுவதும் இல்லை. தங்கச்சி அலுமாரியை ஒதுக்கும்போது அந்தப் பழைய ரிப்போர்ட் அகப்பட்டிருக்கிறது. மச்சான் அதைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்து வைத்துவிட்டுக் கேட்டார்: "மச்சான், இது அப்பவே இதில இருந்ததா?"

இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

96 என்ற அந்தச் சீனி பொய்யான கணக்கு இல்லை. எங்கள் மெஷினும் பிழை விடவில்லை. சீனி என்பது கடைசியாக வாய் திறக்கும் சாட்சி. அதற்கு முன்பே உடம்புக்குள் ஒரு வழக்கு வருடக்கணக்காக நடந்துகொண்டிருக்கும். அதை உங்களுக்கு உங்கள் தொழிலை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன்.

ஒரு கப்பல் நிறையக் கோதுமை வருகிறது என்று வையுங்கள். இறக்குவதற்கு நாற்பது பேர் கொண்ட கூட்டம் போதும். கரையிலுள்ள களஞ்சியங்களின் கதவுகள் ஒழுங்காகத் திறந்தால் வேலை நேரத்துக்கு முடியும். இப்போது களஞ்சியங்கள் நிரம்பிவிட்டன, கதவு இறுகிவிட்டது, தள்ளித் தள்ளித்தான் உள்ளே வைக்க வேண்டியிருக்கிறது. மேஸ்திரி என்ன செய்வார்? நாற்பது பேரை எண்பது பேர் ஆக்குவார், பிறகு நூற்றிருபது. கப்பல் இன்னும் நேரத்துக்குத்தான் புறப்படுகிறது. மேலதிகாரி மணிக்கூட்டை மட்டும் பார்த்து "எல்லாம் சரி" என்று கையெழுத்து வைத்துவிடுவார். சம்பளப் பதிவேட்டைத் திறந்தால்தான் சங்கதி தெரியும்.

கோதுமை என்பது நீங்கள் சாப்பிட்ட சோறும் பாணும் இரத்தத்தில் சீனியாக வந்து நிற்பது. களஞ்சியம் உங்கள் தசை. ஆட்கள் இன்சுலின். மேஸ்திரி கணையம். கதவு இறுகுவதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம். கணையம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இன்சுலினை இறக்கிச் சீனியை 96இல் பிடித்து வைத்திருக்கும். பத்து வருடம்கூட அப்படி ஓட்டலாம். ஒரு நாள் மேஸ்திரிக்கும் களைக்கும். அப்போதுதான் சீனி ஏறும். அன்றைக்குத்தான் நீங்கள் "எனக்குச் சீனி வருத்தம் வந்திட்டுது" என்று சொல்வீர்கள். கதவு இறுகி எவ்வளவு காலம்!

அந்தப் பத்து வருடமும் உள்ளே போக முடியாத சரக்கு என்னவாகும்? ஈரல் அதைக் கொழுப்பாக மாற்றி, லொறி லொறியாக இரத்தத்துக்குள் அனுப்பும். அந்த லொறிகள் சுமக்கிற கொழுப்புத்தான் ரிப்போர்ட்டில் டிரைகிளிசரைட் என்று வருவது. லொறிகள் கூடினால் அவை வழியில், நல்ல கொலஸ்ட்ரோல் என்று சொல்கிற எச்.டி.எல். துணிக்கைகளோடு சரக்கை மாற்றிக்கொள்ளும். அப்படிக் கொழுப்பு ஏறிய எச்.டி.எல். சீக்கிரம் சிதைந்து இரத்தத்திலிருந்து நீங்கிவிடும். ஆகவே ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். டிரைகிளிசரைட் 240, எச்.டி.எல். 32. என் மச்சானின் தாள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

இங்கே இன்னொரு சூழ்ச்சி இருக்கிறது, மூட்டை தூக்குகிற நாட்டாமைமாருக்கு இது என்னை விட நன்றாக விளங்கும். நூறு கிலோ அரிசியை இரண்டு மூட்டையிலும் கட்டலாம், பத்துச் சின்னப் பையிலும் கட்டலாம். தராசில் நிறை ஒன்றுதான். ரிப்போர்ட்டில் எல்.டி.எல். என்று வருவது கெட்ட கொலஸ்ட்ரோலின் நிறை. இரத்தக் குழாயின் சுவரைக் கெடுப்பதில் முக்கியம் பைகளின் எண்ணிக்கை. இன்சுலின் எதிர்ப்பு உள்ளவரிடம் எல்.டி.எல். துணிக்கைகள் சின்னதாகவும் எண்ணிக்கையில் கூடுதலாகவும் இருக்கும். நிறையைப் பார்த்து "108 தானே, பரவாயில்லை" என்று சொல்லிவிடுவோம். மச்சானுடைய எல்.டி.எல். 108தான். ஒவ்வொரு பையிலும் ஒரேயொரு முத்திரை குத்தியிருக்கும், அதன் பெயர் அப்போ-பி. அதை அளந்தால் பைகளை எண்ணியதாகும். அந்தச் சோதனைக்கு வசதியில்லாவிட்டால் மொத்தக் கொலஸ்ட்ரோலிலிருந்து எச்.டி.எல்.ஐக் கழியுங்கள். 188இல் 32 போனால் 156. இந்தக் கணக்குக்குக் காசு இல்லை, எல்.டி.எல். மறைக்கிறதை இது ஓரளவு காட்டிக்கொடுக்கும்.

இதையெல்லாம் நான் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஜெரால்ட் ரீவன் 1988இலேயே, இன்சுலின் எதிர்ப்பும் கூடின டிரைகிளிசரைட்டும் குறைந்த எச்.டி.எல்.உம் பிரசரும் ஒரே கூட்டாளிகள், சேர்ந்துதான் வந்து இதயத்தைத் தாக்குகின்றன என்று சொல்லிவிட்டார். 2003இல் அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் இன்னும் இலகுவான வழி ஒன்றைக் காட்டினார்கள். எடை கூடியவர்களில் யாருக்கு இன்சுலின் எதிர்ப்பு இருக்கிறது என்று அறிய டிரைகிளிசரைட்டை எச்.டி.எல்.ஆல் பிரித்துப் பாருங்கள், மில்லிகிராம் கணக்கில் விடை 3ஐத் தாண்டினால் சந்தேகப்படுங்கள் என்றார்கள். 240ஐ 32ஆல் பிரியுங்கள். ஏழரை! ஏழரைச் சனி என்று சாத்திரக்காரரிடம் ஓடுகிற ஊரில், இந்த ஏழரையை யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. அந்த 3 என்ற கோடு அமெரிக்காவில் போட்டது. எல்லா இனத்துக்கும் ஒரே மாதிரிப் பொருந்தாது, ஆபிரிக்க வழி வந்தவர்களிடம் சரியாக வேலை செய்வதில்லை. உங்கள் ரிப்போர்ட் மில்லிமோல் கணக்கில் வந்திருந்தால் அங்கே கோடு ஏறத்தாழ 1.3. இதைக் கொண்டு நீங்களே நோய் என்று தீர்ப்பெழுத வேண்டாம். டொக்டரிடம் போய்க் கேட்பதற்கு ஒரு கேள்வி கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

"இது பணக்காரர் வருத்தம், எங்களுக்கு எதுக்கு?" என்று கேட்பீர்கள். எங்களுக்குத்தான். 1991இல் லண்டனில் குடியேறியிருந்த தெற்காசியரையும் அங்குள்ள வெள்ளைக்காரரையும் மக்கீக் என்பவரும் அவருடைய தோழர்களும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரத்தம் பார்த்தார்கள். எங்கள் ஆட்களுக்கு இன்சுலின் கூட, டிரைகிளிசரைட் கூட, எச்.டி.எல். குறைவு, கொழுப்புப் போய்ச் சேர்கிற இடம் வயிறு. பிறகு 52 நாடுகளில் மாரடைப்பு வந்தவர்களை வைத்து நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் இலங்கையும் சேர்ந்திருந்தது. தெற்காசியாவின் ஐந்து நாடுகளிலும் முதல் மாரடைப்பு வந்தவர்களின் சராசரி வயது 53. மற்ற நாடுகளில் ஏறத்தாழ 59. ஆறு வருடம் முந்தி வருகிறது. அந்த ஆறு வருடத்துக்குள் ஒரு மகளின் கலியாணம் இருக்கும், ஒரு மகனின் உயர்தரப் பரீட்சை இருக்கும்.

எங்கள் மாவட்டத்தைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நீரிழிவையும் இதயநோயையும் பற்றி ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. இருபது வயது தாண்டியவர்களில் பத்துப் பேருக்கு ஒருவர் நீரிழிவுக்காரர், அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது என்று கண்டார்கள். ஏழு மாகாணங்களில் இரத்தம் எடுத்தார்கள். விடுபட்ட இரண்டு, வடக்கும் கிழக்கும். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. 2006 ஓகஸ்டில் யுத்தத்துக்குத் தப்பி மூதூர்ச் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் நடந்துகொண்டிருந்தது, யார் போய் இரத்தம் எடுப்பது? ஆனால் நாட்டின் கணக்கில் எங்கள் இரத்தம் எழுதப்படாமல் போனது போனதுதான். அதற்குப் பிறகு நாடு முழுவதையும் எடுத்துப் பார்த்தபோது நீரிழிவு ஐந்தில் ஒருவரைத் தாண்டிவிட்டது. இப்போது பாதை திறந்திருக்கிறது, கிண்ணியாவுக்குப் பாலம் வந்து எத்தனை வருடம்! இன்றைக்கும் எங்கள் இரத்தம் எழுதப்படாமல் இருந்தால் அதற்குப் பழி யுத்தத்தின் மேல் இல்லை.

உங்கள் சாட்டுகள் எனக்கு மனப்பாடம். முதலாவது, "நான் மூட்டை தூக்கிறவன், எனக்கு வராது." உங்கள் அப்பா தூக்கினார். நீங்கள் தூக்குவது எவ்வளவு என்று நேர்மையாகக் கணக்குப் பாருங்கள். பாரந்தூக்கியும் பெல்ட்டும் குழாயும் வந்த பிறகு உங்களில் பாதிப் பேருக்கு வேலை இருக்கையில்தான். லொறிக்காரருக்கும் ஓட்டோக்காரருக்கும் சொல்லவே தேவையில்லை. சாப்பாடு மட்டும் அப்பா காலத்து அளவில் நிற்கிறது, கோப்பை நிறையச் சோறு.

இரண்டாவது, "நான் மெலிஞ்ச ஆள்." இதற்கு ஒரு படம் இருக்கிறது. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. புனேயைச் சேர்ந்த டொக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டொக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் இருவரும் 22.3. ஒரு புள்ளி வித்தியாசமில்லை. உடம்பில் கொழுப்பு மட்டும் வெள்ளைக்காரருக்கு 9.1 வீதம், எங்கள் பக்கத்து டொக்டருக்கு 21.2 வீதம். மெலிவு என்பது எங்கள் தோலில் எழுதிய பொய். அதற்கு மேல் எங்களுக்குச் சாரம் வேறு இருக்கிறது. காற்சட்டை போடுகிறவனுக்குப் பெல்ட்டின் ஓட்டை சாட்சி சொல்லும். சாரக்காரனுக்கு யார் சொல்வது? வயிறு எவ்வளவு முன்னுக்கு வந்தாலும் அதற்கேற்றபடி முடிச்சுத் தளர்ந்து கொடுக்கும். ஒரு தையல் நாடாவை எடுத்து வயிற்றைச் சுற்றிப் பாருங்கள், மூச்சை உள்ளே இழுக்காமல். ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80. எங்கள் பிராந்தியத்துக்கு வைத்த எல்லை அதுதான்.

மூன்றாவது சாட்டு, எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான்: "தெரிஞ்சா கவலை, தெரியாட்டி நிம்மதி." என் மச்சான் ஒன்பது மாதம் நிம்மதியாகத்தான் இருந்தார். நான் கொடுத்த நிம்மதி.

சோதனைக்குப் போவதென்று முடிவெடுத்தால் ஒழுங்காகப் போங்கள். இரவு வேலை முடிந்து வருகிறவர்கள் என்னிடம் காலை ஏழு மணிக்கு வந்து "வெறும் வயிறுதான் சேர்" என்பார்கள். துருவிக் கேட்டால் விடியற்காலை மூன்று மணிக்குப் பாலும் சீனியும் போட்ட தேத்தண்ணி, ஒரு பணிஸ். அது வெறும் வயிறு இல்லை. கொழுப்புச் சோதனையில் டிரைகிளிசரைட் போல் சாப்பாட்டுக்கு ஆடுகிற இலக்கம் வேறில்லை. முந்தின இரவு சாராயம் குடித்தாலும் அது துள்ளும். வேலையில்லாத நாளுக்கு முதல் இரவு, எட்டு மணிக்குள் சாப்பிட்டு முடியுங்கள். பன்னிரண்டு மணித்தியாலம் தண்ணீர் மட்டும். மூன்று நாளுக்குக் குடி வேண்டாம். காய்ச்சல் வந்து எழும்பியிருந்தால் இரண்டு கிழமை பொறுங்கள். கிண்ணியா, மூதூர் நானாமார் நோன்பு முடிந்து, பெருநாள் விருந்துகளும் ஓய்ந்து, சாப்பாடு வழமைக்கு வந்த பிறகு பார்ப்பது நல்லது.

இரவு வேலை பற்றி ஒன்று. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் 1999இல் சுகதேகியான பதினொரு இளைஞர்களை ஆறு இரவுகள் நாலு மணித்தியாலம் மட்டும் தூங்கவிட்டார்கள். ஒரு கிழமைக்குள் அவர்களின் உடம்பு சீனியைக் கையாளும் விதம் கெட்டுப்போனது. அவர்கள் இளந்தாரிகள், ஆறே ஆறு இரவு. நீங்கள் இருபது வருடமாகச் செய்கிறீர்கள். தூக்கமின்மை உங்கள் குற்றமில்லை. ஆகவே மற்ற ஆட்களை விட உங்களுக்குத்தான் இந்தச் சோதனை முந்தி வேண்டும்.

இனிக் கடைக்காரரின் வலையில் விழாமலிருக்க ஒரு வார்த்தை. முழு உடம்புப் பரிசோதனை என்று நாற்பது சோதனைகளைக் கட்டி விற்கிறார்கள். வேண்டாம். வெறும் வயிற்று இன்சுலினை அளந்து, ஒக்ஸ்போர்டில் 1985இல் உருவாக்கிய ஹோமா என்ற சூத்திரத்தில் போட்டு எதிர்ப்பைக் கணக்கிடலாம், உண்மைதான். ஆனால் இன்சுலின் அளவு ஒரு ஆய்வுகூடத்துக்கும் இன்னொன்றுக்கும் ஒத்துவராது. அது ஆராய்ச்சிக்காரருக்குப் பயன்படும், உங்கள் பணத்துக்குத் தேவையில்லை. மூன்று மாதச் சீனியைச் சொல்லும் எச்பி ஏ1சி நல்ல சோதனை, 5.7 தாண்டினால் விழிக்க வேண்டும், 6.5இல் நீரிழிவு. இரத்தசோகையோ தலசீமியாவோ உள்ளவரிடம் அதுவும் தடுமாறும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்பாவோ அண்ணனோ ஐம்பத்தைந்துக்கு முந்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த குடும்பமென்றால் மட்டும், முடிந்தால் லிப்போபுரோட்டீன்-ஏ என்பதை வாழ்நாளில் ஒரு தடவை பாருங்கள். அது பிறப்பில் வருவது, சாப்பாட்டால் அசையாது. மற்றவர்களுக்கு வெறும் வயிற்றுச் சீனியும், டிரைகிளிசரைட்டும் எச்.டி.எல்.உம் அடங்கிய முழு லிப்பிட் சோதனையும் ஒரு தையல் நாடாவும் பிரசர் பார்ப்பதும் போதும். என் முப்பது வருடத் தொழிலில் இதைவிட மலிவான எச்சரிக்கையை நான் காணவில்லை.

இலக்கம் கூடிவிட்டால் என்ன செய்வதென்று கேட்பீர்கள். மருந்து தேவையா என்பதை டொக்டர் சொல்வார், அவர் எழுதித் தந்தால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்கேட்டு நிறுத்தாதீர்கள். சாப்பாட்டைப் பற்றி நான் சொல்லலாம். சீனக்குடாவில் பிறிமா மா ஆலை 1980இல் ஓடத் தொடங்கியது. அந்த ஆலையால் எத்தனை வீட்டில் அடுப்பு எரிகிறது என்பது தெரியாமல் பேசவில்லை. ஆனால் காலையில் பாண், பத்து மணிக்குப் பணிஸ், பின்னேரம் ரோல்ஸ், இரவு கொத்து என்று ஒரே நாளில் நாலு தடவை கோதுமை மாவை இறக்கினால் களஞ்சியம் தாங்காது. பாட்டிமார் அவித்த குரக்கன் பிட்டும் பயறும் கடலையும் எங்கே போயின? குடாவில் சாளையும் சூடையும் படுகிறது, பெரிய மீன்தான் மீன் என்று அதை ஒதுக்குகிறோம். டிரைகிளிசரைட் கூடியவனுக்கு அந்தச் சின்ன மீன்தான் தோழன், பொரிக்காமல் தீயலாகவோ சொதியாகவோ வைத்தால். சோடாப் போத்தலில் 2016இலிருந்து வட்டம் போட்டிருக்கிறார்கள். சிவப்பு வட்டமென்றால் நூறு மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி. வெயிலில் நின்றுவிட்டு ஒரே மூச்சில் குடிக்கிறீர்களே, அந்த வட்டத்தை ஒருதரம் திருப்பிப் பாருங்கள்.

சென்னையில் டொக்டர் இராமச்சந்திரன் 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. எல்லோரும் சீனி எல்லையைத் தொட்டுக்கொண்டு நின்றவர்கள். ஒரு பகுதியினருக்குச் சாப்பாட்டிலும் நடையிலும் ஆலோசனை மட்டும் சொன்னார்கள். ஏற்கெனவே உடலுழைப்பு உள்ளவரை அதையே தொடரச் சொன்னார்கள். மூன்று வருடத்தில், ஆலோசனை பெறாதவர்களோடு பார்க்கும்போது நீரிழிவுக்குப் போகும் ஆபத்து 28.5 வீதம் குறைந்தது. எங்களைப் போன்ற சனம், எங்களைப் போன்ற சாப்பாடு. வெள்ளைக்காரர் நாட்டு முடிவு என்று தட்டிக்கழிக்க இடமில்லை.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. 2011இலிருந்து ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் நடக்கின்றன. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் உங்களுக்குக் கிட்டிய இடத்தைச் சொல்வார்கள். 35 வயது தாண்டியவர் வருத்தம் ஒன்றுமில்லாமலே போகலாம், இலவசம். நாடு முழுக்க அங்கே வருகிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். உங்கள் மனைவிமார் போகிறார்கள், நீங்கள் வாசலில் ஓட்டோவுக்குள் இருந்து போன் பார்க்கிறீர்கள். அந்த நிலையங்களில் பெரும்பாலும் பார்ப்பது சீனியும் மொத்தக் கொலஸ்ட்ரோலும். என் மச்சானை ஏமாற்றிய அதே இரண்டு இலக்கங்கள். ஆகவே அங்கே போங்கள், போய் "டிரைகிளிசரைட்டும் எச்.டி.எல்.உம் சேர்த்துப் பார்க்க எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். அங்கே முடியாது என்றால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதுவும் இழுபட்டால் ஒரு கிழமை சிகரெட்டுக் காசை மிச்சம் பிடித்து வெளியில் பாருங்கள்.

சங்கத்தாரிடம் தனியாக ஒரு வார்த்தை. மே தினத்துக்குக் கொடி பிடிக்கிறீர்கள், போனசுக்கும் ஓவர்டைமுக்கும் வாசலில் குந்துகிறீர்கள். சரிதான். அடுத்த கோரிக்கைப் பட்டியலில் ஒரு வரி கூட்டுங்கள்: 35 வயது தாண்டிய எல்லோருக்கும், சம்பளப் பட்டியலில் பெயரில்லாத நாளாந்தக் கூலிக்காரருக்கும் சேர்த்து, வருடத்துக்கு ஒரு முழு லிப்பிட் சோதனை. சோதனைக்குப் போகும் காலைக்குச் சம்பளம் வெட்டக் கூடாது, முதல் இரவு வேலை போடக் கூடாது. கொட்பேயில் பல நாள் கடலுக்குப் போகிற தம்பிமாருக்குச் சங்கம் இல்லையென்றால் சம்மாட்டிமார் கேட்கட்டும். எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றாமல் படகைக் கடலுக்கு விடாத மனுசர்தானே அவர்கள்.

நான் கேட்பது உங்கள் வாழ்க்கையில் ஒரே ஒரு காலை. தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று எல்லாக் கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். தனியாகப் போனால் பாதி வழியில் திரும்பிவிடுவீர்கள், எனக்குத் தெரியும். ரிப்போர்ட் வந்ததும் சட்டைப் பையில் மடிக்காமல் கிளினிக் கொப்பிக்குள் ஒட்டி வையுங்கள், பழையதையும் தேடி எடுத்து ஒட்டுங்கள். ஒரு வருடத்துக்கும் இன்னொரு வருடத்துக்கும் இடையில் டிரைகிளிசரைட் ஏறி எச்.டி.எல். இறங்குகிறதா என்று பாருங்கள். டொக்டரிடம் போகும்போது கடைசித் தாளை மட்டும் காட்டாமல் முழுக் கொப்பியையும் காட்டுங்கள். அவருக்கு நேரமில்லாவிட்டாலும் அந்த இரண்டு வரியில் விரலை வைத்துக் கேளுங்கள்.

விளங்காவிட்டால் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு என் விறாந்தைக்கு வாருங்கள். காசு வேண்டாம். மருந்து எழுத எனக்கு உரிமையில்லை, அது டொக்டரிடம்தான். ஆனால் ஒவ்வொரு வரியையும் இந்த முறை வாசிப்பேன். மச்சானும் அங்கேதான் இருப்பார்.

இப்படிக்கு,
உங்கள் இரத்தம் எடுத்தவன்,
திருகோணமலை.